காசு கட்டி வாங்கிய கையெழுத்து கலைந்தபோது: மண்டபம் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்து மீனவக் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவன், மதுரையில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய நிகழ்ச்சிக்கு 2,500 ரூபாய் கட்டி, பிரபல கிரிக்கெட் வீரர் ஒருவரிடம் தன் பந்தில் கையெழுத்து வாங்கினான். வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கையெழுத்து கலைந்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் என்ன நடந்தது, நிறுவனத்திடம் எப்படி முறையிட்டோம், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் பள்ளியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியை. அந்த வகையில்தான் விஷயம் என்னிடம் வந்தது. பையனும் பெற்றோரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஓர் ஏமாற்றம் வந்தால், பெரியவர்கள் பணத்தைத் திரும்ப வாங்க ஓடுவோம், இல்லையென்றால் வேறொன்று வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தப் பார்ப்போம். ஏமாந்தவனிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கத் தோன்றுவதில்லை. இந்தப் பையன் விஷயத்தில் அதைக் கேட்ட பிறகுதான் ஒரு வழி பிறந்தது.

அது எந்தப் பந்து?

இதைச் சொல்லாமல் மற்றது எதுவும் புரியாது. எங்கள் கரையில் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். வலை காயப்போடும் மணல்திட்டிலும், தென்னந்தோப்பு ஓரத்திலும் ஆடுவார்கள். தோல் பந்தைக் கையில் பிடிப்பதே பள்ளி அணியில் சேர்ந்த பிறகுதான். இவன் அப்படிச் சேர்ந்து, ஜனவரியில் ராமநாதபுரத்தில் நடந்த பள்ளிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில் ஐந்து விக்கெட் எடுத்தான். ஆட்டம் முடிந்ததும் உடற்கல்வி ஆசிரியர் அந்தப் பந்தை இவன் கையில் கொடுத்து "வச்சுக்கடா" என்றார். வீட்டில் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

வேகப்பந்து வீசுகிறவன் பந்தின் ஒரு பக்கத்தைக் காற்சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாகவே வைத்திருப்பான், மறுபக்கம் சொரசொரப்பாகப் போகட்டும் என்று விட்டுவிடுவான். காற்றில் பந்து திரும்புவதற்கு இந்த வித்தியாசம் வேண்டும். இவன் பந்திலும் அப்படியே ஒரு பக்கம் மெழுகு பூசியது போல மின்னியது, இன்னொரு பக்கம் ஆடுகளத்தில் போடும் விரிப்பில் உரசி நிறம் மங்கிக் கிடந்தது. பின்னால் நடந்ததற்கு இந்த இரண்டு பக்கமும் முக்கியம்.

மே மாதம் வாட்சப்பில் ஒரு விளம்பரப் படம் வந்தது. வீரரின் முகம், மதுரையில் ஓர் அரங்கம், "நேரடிச் சந்திப்பு, நீங்கள் கொண்டுவரும் எந்தப் பொருளிலும் கையெழுத்து உறுதி, 2,500 ரூபாய்" என்ற வாசகம், கீழே ஒரு கைபேசி எண். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்த 61 நாளும் வீட்டுக்கு அவர் வருமானம் கிடையாது. தடைக்கால நிவாரணமாக அரசு தருவது 8,000 ரூபாய். அந்த மாதத்தில் 2,500 என்பது எவ்வளவு பெரிய பணம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அம்மா கடலில் பாசி எடுக்கிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து வர வேண்டும். அப்படிச் சேர்த்த சீட்டுப் பணத்திலிருந்து அவர்தான் எடுத்துக் கொடுத்தார். "பத்தாவது போறான், ஒரு தடவ ஆசைப்பட்டான், குடுத்துட்டேன் டீச்சர்" என்றார் என்னிடம். ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல அதைச் சொன்னார்.

மதுரையில் நடந்தது

பையனுடன் போனது தாய்மாமா. விடிவதற்கு முன்பே பஸ் ஏறி, ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் செலவு. மதுரைப் பையனுக்கு 2,500 ரூபாயில் முடிகிற ஒரு விஷயம் கரையிலிருந்து போகிறவனுக்கு 3,500 ஆகிறது. பயிற்சி முகாம், தேர்வுப் போட்டி, பெரிய ஆட்டம் என்று விளையாட்டில் எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாமே தூரம்தான். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இதை ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அரங்கத்தில் நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் வீரர், பக்கத்தில் நிறுவனத்தின் ஆள் ஒருவர். பொருளை வாங்கி வீரர் முன் வைப்பது, கையில் பேனாவைக் கொடுப்பது, கையெழுத்தானதும் எடுத்து உறையில் போட்டுத் திருப்பித் தருவது எல்லாம் அந்த ஆளின் வேலை. மாமா கைபேசியில் படம் பிடித்திருந்தார். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பையன் பந்தை நீட்டுகிறான். அந்த ஆள் வாங்கி, பளபளப்பான பக்கம் மேலே வரும்படி திருப்பி வைக்கிறார். வீரர் கறுப்பு மார்க்கரால் இரண்டே நொடியில் போட்டுவிட்டு அடுத்தவரின் தொப்பிக்குக் கை நீட்டுகிறார். அந்த ஆள் பந்தை எடுத்து, ஊதக்கூட இல்லை, நேராக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இறுக்கி மூடிப் பையனிடம் கொடுக்கிறார். பையன் ஏதோ பேச வாய் திறக்கிறான். "போங்க போங்க" என்று ஒரு குரல். படம் அங்கே முடிகிறது.

ராமநாதபுரம் தாண்டும்வரை இவன் உறையைத் திறக்கவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பையோடு மேலே சாமான் தட்டில் வைத்திருந்தான். மே மாத வெயிலில் ஓடுகிற பஸ்ஸின் சாமான் தட்டு எவ்வளவு சுடும் என்று இந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். உச்சிப்புளி வந்தபோது ஆசை தாங்காமல் எடுத்துப் பிரித்திருக்கிறான். கையெழுத்தில் பாதி உறையோடு போய்விட்டது. மீதி இழுபட்டுக் கறையாகிக் கிடந்தது. பதறிப்போன மாமா, ஓரத்துக் கறையையாவது துடைத்துவிடலாம் என்று பையிலிருந்த சானிடைசரைக் கைக்குட்டையில் ஊற்றித் துடைத்தார். மிச்சமிருந்ததில் ஓர் எழுத்து முழுசாகவே போனது.

வீட்டில்

எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

அப்பா சொன்னது: "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு அழுகையா? போனாப் போகுது." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பையன் காதில், தான் ஆசைப்பட்டதே அற்பம் என்று விழுந்தது. அம்மா தன் தம்பியைப் பிடித்துக்கொண்டார்: "உன்ன யாரு தொடைக்கச் சொன்னது?" மாமா அதோடு வீட்டுக்கு வருவதைக் குறைத்துவிட்டார். சித்தி, இன்னொரு பந்து ஆன்லைனில் வாங்கித் தருவதாகச் சொன்னார். கூட்டாளிகளில் ஒருவன் பந்தைப் பார்த்துவிட்டு "கொசுவ நசுக்குன மாதிரி இருக்குடா" என்றான். அதற்குப் பிறகு இவன் பந்தை வலைப்பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, யார் கேட்டாலும் மதுரைக்கே போகவில்லை என்று சொல்ல ஆரம்பித்தான். பள்ளி திறந்த பிறகும் பயிற்சிக்கு வரவில்லை.

இவன் மனதில் ஓடியதைப் பிறகு அவனே சொன்னான். வீரர் மேல் கோபம்: "என் மூஞ்சியக்கூட பாக்கல டீச்சர்." மாமா மேல் கோபம். அம்மா காசை வீணாக்கிவிட்டோம் என்ற வெட்கம். எல்லாவற்றுக்கும் மேல், உறையை அப்போதே திறந்து பார்த்திருக்க வேண்டும், எல்லாம் தன் முட்டாள்தனம்தான் என்ற எண்ணம். பொருளை உறைக்குள் திணித்த ஆளின் மேல் மட்டும் கோபம் இல்லை. அந்த ஆளை அவனுக்கு நினைவுகூட இல்லை. ஏமாற்றம் இப்படித்தான் தப்பான ஆட்களைப் போய்ச் சேருகிறது. நெருக்கமானவர்கள் மேலும் தன் மேலும்தான் முதலில் இறங்குகிறது.

அம்மா அவனை என்னிடம் அழைத்து வந்தபோது சட்டம் பற்றி எதுவும் பேசவில்லை. அந்த ஐந்து விக்கெட்டைச் சொல்லச் சொன்னேன். முதல் விக்கெட் எப்படி, மூன்றாவது யார், எந்த முனையிலிருந்து போட்டாய் என்று கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தான். அப்புறம் பந்தைக் கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் அந்த உறையோடு சேர்த்தே கொண்டுவந்தான். தூக்கிப் போடாமல் வைத்திருந்தது பெரிய நல்லது. உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்பக்கத்தில் கையெழுத்தின் பாதி, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி அப்படியே ஒட்டியிருந்தது. மை எங்கே போயிற்று என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அவனே அதைப் பார்த்துவிட்டு, "அப்ப மாமா தொடைக்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு" என்றான். அன்று மாலை மாமாவுக்குப் போன் பண்ணியதாக அம்மா சொன்னார்.

அதன் பிறகுதான் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று. ரொம்ப நேரம் யோசித்தான். "அம்மா காசு வரணும். கவர்ல போட்டது தப்புன்னு அவங்க சொல்லணும். வேற கையெழுத்து வேணாம்."

வேறு கையெழுத்து வேண்டாம் என்றது அம்மாவுக்கு ஆச்சரியம். எனக்கும் கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயம். அவன் தேடிப் போனது, தான் ஜெயித்த பந்தில், தான் பார்த்து வளர்ந்த ஒருவரின் கை பட வேண்டும் என்பதை. கடையில் வாங்குகிற பந்தில் அது கிடையாது.

மை ஏன் நிற்கவில்லை

அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், அடுத்தவருக்கு உதவும். நிரந்தர மார்க்கர் என்கிறோமே, அதன் மையில் நிறமியும் ஒருவிதப் பிசினும் சாராய வகைக் கரைப்பானும் இருக்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போக, நிறமும் பிசினும் பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. காகிதம், துணி போன்றவற்றில் மை உள்ளே இறங்கிவிடும். மெருகேற்றிய தோலில் இறங்க வழியில்லை, மேலேயே நிற்கும், காயவும் நேரமாகும். மென்மையான பிளாஸ்டிக் உறைகள் சிலவற்றில் வளைவுத்தன்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் கசிந்து மையை இளக்கிவிடும். சூடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சானிடைசரில் இருப்பதும் சாராயம்தான், எனவே அது மார்க்கர் மையைக் கரைக்கத்தான் செய்யும்.

சொரசொரப்பான பக்கத்தில் போடச் சொல்லியிருந்தால் மை தோலில் பிடித்திருக்கும். போட்ட பிறகு எதுவும் படாமல் சில மணி நேரமாவது காற்றாட வைத்திருக்க வேண்டும். அப்புறம்கூட உறையில் ஒட்ட வைக்காமல், பந்து உள்ளே உருளாத கெட்டிப் பெட்டியில் வெயில் படாத இடத்தில் வைப்பதுதான் நல்லது. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் ஜன்னல் ஓரம் கூடவே கூடாது. காசு வாங்கிக்கொண்டு இதையே தொழிலாக நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "கையெழுத்து போட்டாச்சு, அதுக்கப்புறம் எங்க பொறுப்பு இல்ல" என்ற அவர்களின் பதிலை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

கலைந்ததன் மேல் வேறு பேனாவால் திருத்தி எழுதலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். கூடாது. திருத்திய நொடியில் அது அந்த வீரர் போட்டதாக இல்லாமல் போகும், முறையீட்டுக்கான சான்றும் கெடும்.

முறையீடு

முதலில் மாமாவே போன் பண்ணியிருந்தார். கிடைத்த பதிலைத்தான் மேலே சொன்னேன். ரசீது எதுவும் தரவில்லை. கையில் இருந்தவை விளம்பரப் படம், யுபிஐ மூலம் பணம் போனதற்கான விவரம், மாமா எடுத்த படம், பந்து, உறை. இவ்வளவு இருந்தால் போதும். ரசீது இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளுக்கோ சேவைக்கோ ரசீது தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. ரசீது தராதது அவர்கள் தவறு, நம்முடைய முறையீட்டுக்கு அது தடையில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பையனின் அம்மாவையே பேச வைத்தேன், பணம் கொடுத்தது அவர் என்பதால். பதிவு எண் கொடுத்தார்கள், நிறுவனத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்த உதவி எண் தீர்ப்புச் சொல்கிற இடமில்லை, வழக்குக்கு முன்பே பேசி முடித்துவைக்கப் பார்க்கும் ஏற்பாடு. பெரிய நிறுவனங்கள் இதற்குச் சீக்கிரம் அசையும். ஒரு கைபேசி எண்ணை வைத்து நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அசைய மாட்டார்கள். இந்த நிறுவனமும் அசையவில்லை.

சரி, கடிதம் எழுதுவோம் என்றேன். நானே எழுதிக் கொடுத்திருக்கலாம், அரை மணி நேர வேலை. ஆனால் பையனை எழுதச் சொன்னேன். முதல் வரைவில் வீரரைத் திட்டியிருந்தான். அதில் நாங்கள் நிறையப் பேசினோம். ஆளுக்கு இருபது நொடி என்று வைத்தால் இரண்டு மணி நேரத்தில் 360 பேருக்குப் போட வேண்டும். முகம் பார்க்க நேரமில்லாத ஏற்பாட்டைச் செய்துவிட்டு அதைச் சந்திப்பு என்று விற்றது யார் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்திருக்கலாம் என்றான். பார்த்திருக்கலாம்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்த வருத்தம் உண்மையானது, அதைப் பேசித் தீர்த்துவிட முடியாது. ஆனால் அது இந்தக் கடிதத்தில் சேர வேண்டியதில்லை என்று அவனே அடித்துவிட்டான்.

மாமா சானிடைசர் போட்டதை எழுதலாமா என்று அடுத்த கேள்வி. அம்மா வேண்டாம் என்றார்: "அதச் சொன்னா நம்மளையே குத்தம் சொல்லுவாங்க டீச்சர்." எழுதியே ஆக வேண்டும் என்று நான் நின்றேன். மறைத்த ஒன்று பிறகு வெளியே வந்தால் மீதி உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். உறையில் ஒட்டியிருக்கும் மை நம் பக்கம் இருக்கும்போது மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. கடைசியில் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வந்தது:

"பந்து என்னுடையது. அதில் நான் ஐந்து விக்கெட் எடுத்தேன். கையெழுத்து போட்டவுடன் காய விடாமல் உங்கள் ஊழியர் உறையில் போட்டு மூடினார். அது வீடியோவில் உள்ளது. உறையைத் திறந்தபோது பாதி மை உறையில் ஒட்டியிருந்தது. அந்த உறை என்னிடம் உள்ளது. மீதியில் ஒரு எழுத்தை என் மாமா துடைத்ததில் அழிந்தது. அது எங்கள் தவறு. மற்றது உங்கள் தவறு. என் அம்மா கட்டிய 2,500 ரூபாயையும் போய் வந்த செலவையும் திருப்பித் தாருங்கள். தவறு நடந்ததை ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கு வேறு கையெழுத்து வேண்டாம்."

அம்மா கையொப்பமிட, பதினைந்து நாள் அவகாசம் குறிப்பிட்டு, படங்களின் நகலோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினோம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம் என்று கடைசி வரியில் சேர்த்தேன். இது வெறும் மிரட்டல் இல்லை. முறையிடுகிறவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம் என்று இந்தச் சட்டம் சொல்கிறது, ஆகவே மதுரைக்கு அலைய வேண்டாம், ராமநாதபுரமே போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கடிதத்துக்குக் காத்திருந்த நாட்களில் சித்தி, இணையத்தில் பார்த்த ஒரு பந்தைக் காட்டினார். அதே வீரரின் கையெழுத்து, உண்மைச் சான்றிதழுடன், 1,499 ரூபாய். வாங்க வேண்டாம் என்று சொன்னேன். அமெரிக்காவில் 1990களில் எஃப்பிஐ என்ற புலனாய்வு அமைப்பு "ஆபரேஷன் புல்பென்" என்ற பெயரில் ஒரு விசாரணை நடத்தி, விளையாட்டு வீரர்களின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு விற்ற ஒரு கூட்டத்தைப் பிடித்தது. அவர்கள் பொருளோடு சான்றிதழையும் சேர்த்தேதான் விற்றார்கள். கையெழுத்தைப் போலியாகப் போடத் துணிந்தவனுக்குச் சான்றிதழ் அச்சடிப்பது பெரிய காரியமா? வீரர் போடுவதை நேரில் பார்த்தது, அல்லது போடும்போது எடுத்த படம் இருப்பது, இவற்றுக்கு மேல் நம்பிக்கை தருவது எதுவும் எனக்குத் தெரியவில்லை. கலைந்துபோனாலும் இவன் பந்தில் இருப்பது உண்மையானது என்பதை அன்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வந்தது, வராதது

கெடு முடிவதற்குள் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. வீரரின் படத்தைச் சட்டம் போட்டுக் கையெழுத்தோடு அனுப்புகிறோம் என்றார்கள். நேரில் போட்டதா, அச்சடித்ததா என்று அம்மா கேட்டார். நான் சொல்லிக் கொடுத்து வைத்திருந்த கேள்வி அது. கொஞ்சம் தயங்கிவிட்டு, அச்சடித்தது என்றார்கள். இப்படிப்பட்ட படங்களைக் கையெழுத்துப் படம் என்றே பல இடங்களில் விற்கிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் மைக்கோடு இருக்காது, புள்ளி புள்ளியாக அச்சு தெரியும். அம்மா வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு 2,500 ரூபாய் அம்மாவின் கணக்குக்கு வந்தது. கூடவே வாட்சப்பில் ஒரு குரல் பதிவு. "உடனே கவர்ல போட்டது எங்க பையன் பண்ண தப்புதான் தம்பி, மன்னிச்சுக்க" என்று ஒரு பெரியவர் குரல், அவ்வளவுதான். பணம் வந்ததைச் சொன்னபோது தலையாட்டிய பையன், இந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். அப்பாவையும் கேட்க வைத்தான். மாமாவுக்கு அனுப்பினான். அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்தான் என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மழை விட்டு மைதானம் காய்ந்ததும் அந்த வாரம்தான்.

வீரருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினான், குற்றம் எதுவும் சொல்லாமல், அந்தப் பந்தின் கதையை மட்டும். பதில் வரவில்லை. வராமல் போகலாம் என்று முன்பே பேசியிருந்தோம். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டொனால்டு பிராட்மன் ஆட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் ரசிகர் கடிதங்களுக்கு உட்கார்ந்து பதில் எழுதியவர் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் பிராட்மன் இல்லை என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

பயணச் செலவை மட்டும் நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆணையத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம், ஏனென்றால் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு உண்மையான இழப்பு அதில்தான் இருக்கிறது. அப்பா, தொழில் மறுபடி ஆரம்பித்துவிட்டது, இனி அலைய வேண்டாம் என்கிறார். அம்மாவுக்கு அரை மனது. பையன், பொதுத்தேர்வு முடியட்டும் டீச்சர், அப்புறம் சொல்றேன் என்றிருக்கிறான். இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதால் நான் அவசரப்படுத்தவில்லை. விளம்பரப் படம், பணம் போன விவரம், கடித நகல், ஸ்பீடு போஸ்ட் ரசீது எல்லாம் ஒரு கோப்பில் போட்டு மன்ற அலமாரியில் இருக்கின்றன. பந்தும் உறையும் அவனிடமே இருக்கின்றன.